பருத்திப்பால் படத்துக்கு வந்த பின்னூட்டம்

1

போன மாதம் ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு ஒலாவை ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஒலாவ் என்னைவிட மூத்தவர். நோர்வேயின் வடக்குக் கடலில் மீன் பிடித்தே வயதானவர். வேலியோரம் நின்று பனியைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசிக்கொள்வோம், அதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு கிடையாது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வரவேற்பு மேசையில் ஓர் இளம்பெண் இருந்தாள். பெயரைச் சொல்லி எந்த அறை என்று கேட்டேன்.

"நீங்கள் அவருக்கு உறவா?"

"பக்கத்து வீடு."

"அப்படி ஒருவர் இங்கே இருக்கிறாரா இல்லையா என்று நான் சொல்லக்கூடாது."

"அவரை ஏற்றியதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேனம்மா."

"பார்த்திருப்பீர்கள். நான் சொல்லக்கூடாது."

இதற்கு இந்த நாட்டு மொழியில் ஒரு சொல் இருக்கிறது. தமிழில் வைத்தால் 'மௌனக் கடமை' என்று வரும். டாக்டருக்கு, நர்ஸுக்கு, வாத்தியாருக்கு, பள்ளிக்கூடம் கூட்டுகிறவருக்குக்கூட அந்தக் கடமை உண்டு. வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். முப்பத்தைந்து வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டு எரிச்சல்பட்டிருக்கிறேன். ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் பூ விற்கிறவளிடம் கேட்டால் போதும். எந்தக் கட்டில், என்ன வியாதி, எந்த மருமகள் இன்னும் வந்து எட்டிப் பார்க்கவில்லை என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள். அதுதான் மனிதர்கள் வாழ்கிற இடம் என்று நண்பர்களுக்கெல்லாம் எழுதியவன் நான்.

அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னேன். "நீ செய்ததுதான் சரி. யார் கேட்டாலும் சொல்லாதே" என்றேன். நோர்வே மொழி எனக்கு இன்றும் சரியாக வணங்காது. அது ஏதோ அதிகாரி கட்டளையிட்ட மாதிரி ஒலித்திருக்க வேண்டும். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? கொஞ்சம் உட்காருங்கள்" என்றாள்.

உட்கார்ந்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் அது கொடியேற்ற வாரம். போன வருடம் இதே வாரத்தில்தான் அந்த இரண்டு பேரும் எங்கள் தெருவுக்கு வந்தார்கள்.

ஊரில் பத்திரிகை நடத்தும் நண்பர் வெகுநாளாக வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்கிறார். என்னிடம் இப்போது எழுதுவதற்கு இருப்பது இது ஒன்றுதான். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அப்போதும் மாற்றித்தான் எழுதினேன். பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்தேன்.

2

நான் ராமேசுவரம் கடற்கரையில் மீனவர் வீட்டில் பிறந்தவன். பாதிரியார் ஒருவர் தயவில் கல்லூரி வரை படித்தேன். படகு எஞ்சின் பழகுவதற்காக 1974-இல் இங்கே அனுப்பப்பட்டேன். பிறகு அதையே சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது, தங்கிவிட்டேன். எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. கடலோரம், மரச்சட்டங்களில் மீனைக் கட்டித் தொங்கவிட்டுக் காயப்போடுகிற ஊர். கருவாட்டு வாடை அடிக்கிற இடமாகத் தேடி வந்து சேர்ந்தாயா என்று என் மனைவி கடைசி வரைக்கும் கேலி செய்தாள்.

வந்த புதிதில் என்னை வதைத்தது குளிர் அல்ல. யாரும் எதுவும் கேட்காததுதான். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் அங்கே உட்காராமல் நின்றுகொண்டே வருவார்கள். எங்கள் பக்கத்தில் பாம்பனில் ரயில் ஏறினால் மண்டபம் வருவதற்குள் எதிரே இருப்பவர் கேட்டுவிடுவார். எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை? கல்யாணமாச்சா? அங்கன என்ன சம்பளம்? பதில் சொல்லாமல் இருந்தால் திமிர் பிடித்தவன் என்று ஆகிவிடும். சொன்னால் பொட்டலம் பிரித்துப் பாதி தருவார்.

கேட்பதுதான் அக்கறை, சொல்வதுதான் மரியாதை. இப்படித்தான் என்னை வளர்த்தார்கள். நானும் அதை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

மனைவி இறந்த பிறகு வீட்டில் தமிழ் நின்றுபோனது. மகள் ரீத்தா தெற்கே வேறு நகரத்தில் நகராட்சி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று கேட்டால் "மக்களுக்கு உதவுறது அப்பா" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. பெற்ற தகப்பனிடமே மௌனக் கடமையா என்று சண்டை போட்டிருக்கிறேன். அவள்தான் எனக்குக் கணினி வாங்கித் தந்து, தமிழில் தட்டச்சக் காட்டிக்கொடுத்தாள். குளிர்காலத்தில் இங்கே சில வாரங்கள் சூரியன் எழும்பாது. அந்த வருடக் குளிரில் ஒரு வலைப்பதிவு தொடங்கினேன்.

எங்கள் அய்யாவின் வள்ளத்துக்கு என்ன பெயர், அது எந்தப் புயலில் போனது, மனைவி எந்த மாதம் இறந்தாள், கடைசியாக என்ன கேட்டாள், எல்லாவற்றையும் எழுதினேன். கீழே பின்னூட்டங்கள் வர ஆரம்பித்தன. துபாயிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, பரமக்குடியிலிருந்து. "கண்ணு கலங்கிருச்சு அய்யா" என்று ஒருவர் எழுதியதை எத்தனையோ முறை திறந்து திறந்து படித்தேன்.

3

ரீத்தாவின் திருமணம் முறிந்தபோது அதையும் எழுதினேன். மகளின் துயரத்தைத் தகப்பன் எழுதக் கூடாதா என்றுதான் நினைத்தேன். அவளுடைய புது வீட்டின் படத்தைப் போட்டேன். இந்த நாட்டில் ஒற்றைப் பெண் தைரியமாக வீடு வாங்கித் தனியே இருக்கிறாள் என்று பெருமையாக எழுதினேன்.

அவள் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனால் படிப்பாள். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"அப்பா, அந்தப் படத்தை எடுங்க. எழுதினதையும் எடுங்க."

"தப்பா ஒண்ணும் எழுதலையேம்மா."

"தப்பு இல்ல. அது என்னோடது. உங்களோடது இல்ல."

"நம்ம சனத்துக்குத் தெரிஞ்சா என்ன இப்ப?"

"யார் படிக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

"அப்பா, நான் தனியா இருக்கேன்னு வீட்டுப் படத்தோட போட்டிருக்கீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. மிகவும் சோர்ந்துபோன ஒருத்தி பேசுவது போல இருந்தது. நான் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தேன். எடுத்துவிட்டு, 'பிள்ளைகள் நம்மைவிட்டு விலகுவது பற்றி' என்று இன்னொரு பதிவு எழுதினேன். அதற்கு நிறையப் பின்னூட்டம் வந்தது.

4

அந்தோணி என் அண்ணன் மகன். அண்ணன் இறந்த பிறகு நாட்டுப்படகு அவன் கைக்கு வந்தது. மீன் பாடு குறைந்த காலத்தில் கருவாட்டு மூட்டையோடு உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போவான். கமுதிச் சந்தையில் மிளகாய் கொண்டுவந்த ஒரு விவசாய வீட்டுப் பெண்ணைப் பார்த்தான். கருவாட்டுக்கு மிளகாய் மாற்றிக்கொள்வது அங்கே வழக்கம். இரண்டு வருடம் மாற்றிக்கொண்டார்கள். பிறகு ஒரு நாள் அவளே வந்துவிட்டாள்.

அவள் வீட்டில் சாதியும் பெரிது, கோபமும் பெரிது. அவள் செத்துவிட்டதாகச் சொல்லித் தலைமுழுகினார்கள். ஆனால் அவளுடைய மூத்த அண்ணன் அதோடு விடவில்லை. செத்ததாகச் சொன்ன பிள்ளையை உயிரோடு விட்டுவைத்தால் ஊர் சிரிக்கும் என்று சந்தையில் நின்றே சொன்னானாம். அந்த வார்த்தை அந்தோணி காதுக்கு வந்தது. எனக்கும் வந்தது. இதெல்லாம் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் பெற்று மரியா ஆனாள். எட்டு வருடம் ஊரே அவளைத் தன் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றியது. கேட்பவர்களிடம் அந்தோணி பெண்டாட்டி தூத்துக்குடிப் பக்கம் என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். ஒரு மகளும் பிறந்தாள். அவள் பேச்சும் மாறிப்போனது. மீன் அரிவதும் கிழிந்த வலை பொத்துவதும் பழகிக்கொண்டாள். ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. தவக்காலத்தில் ஊருக்கே பருத்திப்பால் காய்ச்சுவாள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டு. எங்கள் கடற்கரையில் யாருக்கும் தெரியாத பண்டம் அது.

நான் ஊருக்குப் போயிருந்தபோது எனக்காகவும் காய்ச்சினாள்.

"எப்படி இருக்கு சின்ன மாமா?"

"தேவாமிர்தமா இருக்கு. படம் எடுத்துக்கிறேன், கையை இப்படி வை."

"மூஞ்சி விழுந்துறாம எடுங்க."

"அது எனக்குத் தெரியாதா?"

முகம் விழவில்லை. கொட்டையைப் பிழிகிற கைகளும் பாத்திரமும் மட்டும்தான். இங்கே திரும்பியதும் எழுதினேன். 'என் மருமகள் கையால்' என்று. அவள் பெயரை மாற்றியிருந்தேன். பெண் உள்நாட்டுக்காரி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கள் வீட்டை நம்பி வந்தவள், எங்கள் ஊர் அவளைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டது என்று எழுதினேன். உண்மையில் அவளைப் பற்றி எழுதவில்லை, எங்கள் பெருந்தன்மையைப் பற்றி எழுதினேன். பருத்திப்பாலில் எல்லோரும் பச்சரிசி மாவு சேர்ப்பார்கள், இவள் வேறொரு மாவு சேர்க்கிறாள் என்று அந்த மாவின் பெயரையும் செய்முறையில் போட்டேன். இங்கே அதைச் சொல்லமாட்டேன்.

5

முதல் பின்னூட்டம் போட்டவர் தன்னைப் 'பருத்திக்காட்டான்' என்று சொல்லிக்கொண்டார். வளைகுடாவில் வேலை என்றார். "அய்யா, இந்த மாவு போடுறது எங்க பக்கத்துல நாலஞ்சு ஊர்லதான். எங்க ஆத்தா கை ஞாபகம் வந்துருச்சு. மருமக எந்த ஊருங்க?"

பாலைவனத்தில் இருந்து தாயின் கையை நினைத்துக் கேட்கிறார். எப்படிப் பதில் சொல்லாமல் இருப்பது? ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, கமுதிக்கும் சாயல்குடிக்கும் நடுவே என்றேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் அவர்தான் முதலில் வந்தார். அய்யாவின் வள்ளத்தைப் பற்றிக் கேட்டார். என் மனைவியின் முழங்கால் வலியைக்கூட ஞாபகம் வைத்திருந்தார். என் மகளுக்கு என் மேல் இல்லாத அக்கறை இவருக்கு இருக்கிறதே என்று நினைத்தேன். நடுநடுவே ஒரு சின்னக் கேள்வி வரும். உங்க கோயில்ல என்ன திருவிழா அய்யா? அண்ணன் மகன் விசைப்படகா, நாட்டுப்படகா? எங்கள் கடலில் விசைப்படகு போகிற நாள் வேறு, நாட்டுப்படகு போகிற நாள் வேறு. அதை ஒரு பதிவாகவே விளக்கி எழுதினேன். எந்தெந்த நாளில் அந்தோணி கடலில் இருப்பான் என்பதை உலகத்துக்கே அறிவித்தேன்.

எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கிறவன் உள்ளுக்குள் என்ன கேட்கிறான் என்பது படித்த எனக்குத் தெரியாததல்ல. என்ன சாதி என்று கேட்கிறான். தெரிந்தும் சொன்னேன். கேட்கிறவன் தமிழில் கேட்டான், அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் அவரிடமிருந்து தனியாக மின்னஞ்சல் வந்தது. "அய்யா, உங்ககிட்ட மறைக்க விரும்பல. எங்க சொந்தத்துல ஒரு பிள்ளை எட்டு வருசத்துக்கு முன்ன போயிருச்சு. உங்க மருமகதான்னு நெனைக்கிறேன். பெத்த தாய் இப்ப படுத்த படுக்கையா இருக்கு. மக முகத்த ஒரு தடவ பாக்கணுமாம். கோவமெல்லாம் தீந்துபோச்சு. தாய் தன் சேலை ஒண்ணக் குடுத்துவிடணும்ங்குது. ஆனா முன்னாலயே சொன்னா பிள்ளை பயந்துரும். நாங்க போயி நேர்ல பேசிக்கிறோம்."

அழுதுவிட்டேன். என் மனைவி சாகும்போது ரீத்தா வந்து சேரத் தாமதமாகிவிட்டது. அந்த நினைப்பு ஒரு பக்கம். பிரிந்த குடும்பத்தை எங்கோ பனிக்குள் உட்கார்ந்தபடியே சேர்த்துவைக்கிற பெரிய மனிதனாக நான் ஆகப் போகிறேன் என்ற நினைப்பு இன்னொரு பக்கம். கிராமத்தின் பெயரையும் அந்தோணியின் பெயரையும் எழுதினேன். கோயிலிலிருந்து எத்தனையாவது வீடு, கதவு என்ன நிறம் என்று எழுதினேன். மரியாவிடம் சொல்லவில்லை. அந்தோணியிடமும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் திகைக்கட்டும் என்று இருந்தேன்.

மரியாவுக்குத் தாய் கிடையாது. அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டாள். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவள் கையைப் படம் எடுத்தேன், அவள் சமையலை எழுதினேன், அவள் கதையை எழுதினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

6

அன்றைக்கு நடந்ததை எனக்குச் சொன்னது அந்தோணியின் எதிர்வீட்டு ரோசம்மா. வயதில் என்னைவிட இளையவள், வாயில் ஊருக்கே மூத்தவள். அவள் தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ரெண்டு பேரு அண்ணே. காரு தெருமுனையில நிக்கிது. ஒருத்தன் கையில பழக்கூடை, ஒருத்தன் கையில துணிப்பை. 'அந்தோணி வீடு இதுதானே'ன்னு கேட்டாங்கே. நீங்க யாருன்னேன். நார்வேப் பெரியவருக்கு வேண்டியவங்க, அவருதான் அனுப்பிவிட்டாருன்னான். ஒங்க பேரச் சொன்னான். ஒங்க அய்யா வள்ளத்துப் பேரச் சொன்னான். மதினி செத்த மாசத்தச் சொல்லி உச்சுக்கொட்டுறான். சரி, நம்ம ஆளுகதான்னு மோரு கொண்டாந்து குடுத்தேன். குடிச்சாங்கே."

"பெறகு?"

"பெறகென்ன, என் வாய் சும்மா இருக்குமா? 'நீங்க எந்த ஊரு தம்பி, யாரு வீட்டுப் பிள்ளைக?'ன்னேன். ஒருத்தன் மதுரைங்கிறான், அதே மூச்சுல மத்தவன் பரமக்குடிங்கிறான். பரமக்குடியில எங்கன தம்பின்னேன். 'அதெல்லாம் எதுக்கு, அந்தப் பொம்பளைய வரச் சொல்லுங்க'ன்னான். எனக்குச் சுருக்குன்னுச்சு. எந்த ஊருன்னு கேட்டா சொல்லாதவன் எவன் அண்ணே? களவாணி, இல்லாட்டிப் போலீசு. போலீசு பழக்கூடை கொண்டாராது."

மரியா அப்போது கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிடு தூரம்தான். ரோசம்மா, "அவ ராம்நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா, கடைசி பஸ்ஸுலதான் வருவா" என்று சொல்லியிருக்கிறாள்.

"நம்புனாங்களா?"

"நம்புன மாதிரிதான் இருந்துச்சு. பெறகு ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே கேக்குறான், 'பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிது?'ன்னு. 'அதுவும் ஆத்தாளோடதான் போயிருக்கு'ன்னேன். கோழிய வெரட்டுற மாதிரி கொல்லைப்பக்கம் போயி, என் மகள ஓடவிட்டேன் கரைக்கு. 'துணி எடுக்க வராதேன்னு சொல்லு, பிள்ளையக் கூட்டிக்கிட்டு அப்படியே போகச் சொல்லு'ன்னேன்."

மரியா மீன் வாடையடிக்கிற சேலையோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளையை அழைத்துக்கொண்டு, அப்படியே போய்விட்டாள். எந்த வழியாக, யார் உதவியோடு என்பது ஊரில் நாலைந்து பேருக்குத் தெரியும். என்னிடம் சொல்லவில்லை. நல்லது.

அந்த இரண்டு பேரும் கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்களாம். தெருவில் போகிற வருகிற பெண்களின் முகத்தையெல்லாம் பார்த்தார்களாம். கடைசியில் பழக்கூடையையும் துணிப்பையையும் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தோணி கடலிலிருந்து வந்து பையைப் பிரித்தான். தாயின் சேலை என்று எனக்கு எழுதியிருந்தார்களே, சேலைதான். புதுச் சேலை. விதவைக்குக் கொடுக்கிற வெள்ளைச் சேலை.

அவன் எனக்குப் போன் செய்தான். அழவில்லை, திட்டவில்லை.

"சித்தப்பா, நான் என்னிக்குக் கடலுக்குப் போறேன்னு அவனுகளுக்கு யாரு சொன்னா?"

"நான்தான்யா எழுதினேன்."

"வீடு எதுன்னு?"

"நான்தான்."

"சரி" என்றான். வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. ஒரு மாதத்தில் படகு கைமாறிவிட்டதாக ரோசம்மா சொன்னாள். மூன்று தலைமுறையாகக் கடலை விட்டு நகராத குடும்பம் எங்களுடையது. இப்போது அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

7

என்ன செய்வதென்று தெரியாமல் ரீத்தாவைக் கூப்பிட்டேன். மறுநாளே விமானம் பிடித்து வந்துவிட்டாள். கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்.

"அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. ரோசம்மாகிட்ட கேட்டா—"

"கேக்காதீங்க. யாராவது சொல்ல வந்தாலும் வேண்டாம்னு சொல்லுங்க."

பிறகு என் பக்கத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பதிவாகப் படித்தாள். தமிழ் அவளுக்கு மெதுவாகத்தான் ஓடும். சில வரிகளில் நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் அன்பு என்று நினைத்து எழுதிய வரிகள் அவை. ஓடிவந்த பெண்ணை எப்படித் தேடுவார்கள், எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்பதெல்லாம் அவள் விரல் நுனியில் இருந்தது. பள்ளிக்கூடம், மருந்துக்கடை, திருவிழா, சமையல் என்று வரிசையாகச் சொன்னாள். கடைசியில் நான் கேட்டேன்.

"உன் வேலையே இதுதானாம்மா? இப்படிப்பட்டவங்கள ஒளிச்சு வைக்கிறதா?"

அவள் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் சொல்லாமையை அன்றைக்குத்தான் முதன்முதலாக நான் மரியாதையாக எடுத்துக்கொண்டேன். அவள் வீட்டுப் படத்தை ஏன் எடுக்கச் சொன்னாள் என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்களைத் தேடுகிறவர்கள் அவளையும் தேடுவார்கள்.

பதிவுகளை அழித்தோம். அழித்த பிறகும் தேடிப் பார்த்தால் பழைய பக்கத்தின் நகல் வந்து நின்றது. அது போன பிறகு, சமையல் குறிப்புகள் திரட்டுகிற ஏதோ ஒரு தளத்தில் மரியாவின் கைகள் இருந்தன. யாரோ படத்தோடு எடுத்துப் போட்டிருந்தார்கள். எடுக்கச் சொல்லி எழுதினோம். எடுத்தார்கள். இன்னொரு இடத்தில் வந்தது. இன்றும் சில நாள் தேடிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும், நான் தேடுகிற அதே வார்த்தைகளைப் போட்டு வேறு யார் தேடுகிறார்கள் என்று நினைப்பு வரும், கை நின்றுவிடும்.

இங்குள்ள போலீசுக்குப் போனேன். பொறுமையாகக் கேட்டார்கள், அந்தப் பெண் இந்த நாட்டில் இல்லையே என்றார்கள். ஊர்ப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அய்யா எந்த ஊரு?"

சொன்னேன்.

"யாரு வீடு?"

சொன்னேன்.

"அந்தப் பொண்ணு அவுக ஆளுகளுக்குப் பயப்படுதுங்கிறீக. எந்த ஊர்ப் பொண்ணு? இப்ப எங்கன இருக்கு?"

அவர் நல்லவராகவே இருக்கலாம். உதவி செய்வதற்காகவே கேட்டிருக்கலாம். அவர் எந்த ஊர்க்காரர், யாருக்கு உறவு என்பது எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனை வைத்தேன்.

பருத்திக்காட்டான் இன்னும் எழுதுகிறார். கோபமாக ஒரு சொல் கிடையாது. "அய்யா, ஏன் எழுதுறதே இல்ல? உங்க எழுத்தப் படிக்காம ஒரு மாதிரி இருக்கு." பொங்கலுக்கு வாழ்த்து வந்தது. போன வாரம் வந்ததில் இரண்டே வரிதான். "மருமக சுகமா அய்யா? இப்ப எங்கன இருக்காக?"

பதில் எழுதாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள் என்று ரீத்தா சொல்லியிருக்கிறாள். அதனால் அவை அப்படியே இருக்கின்றன. கணினியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகின்றன.

8

ஒலாவ் போன வாரம் வீடு திரும்பினார். வேலியோரம் நின்று கையை ஆட்டினார். என்ன வியாதி என்று நான் கேட்கவில்லை. "திரும்பி வந்தது சந்தோஷம்" என்று மட்டும் சொன்னேன். அவர் தானாகவே, "இதயம்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். முப்பது வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் சொந்த விஷயம் அது. இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். உன் நாட்டில் என்னை யாருக்குத் தெரியும், எழுது, ஆனால் என் பெயரைப் போடாதே என்றார். ஒலாவ் அவர் பெயர் அல்ல.

மூன்று நாளைக்கு முன்னால் மத்தியானம் தொலைபேசி அடித்தது. எண் வரவில்லை. எடுத்து, யார் என்றேன்.

"சின்ன மாமா."

முன்னால் திறந்திருந்த கணினியை மூடினேன்.

"சின்ன மாமா, நாந்தேன். இருக்கீகளா?"

"இருக்கேன் தாயி."

"நல்லாருக்கோம். பிள்ளை படிக்கிறா. அவுகளும் ஏதோ வேலைக்குப் போறாக. நான் பேசுறது அவுகளுக்குத் தெரியாது. நீங்க ஒண்ணும் நெனச்சு நெனச்சு ஒடம்பக் கெடுத்துக்கிறாதீக, அதச் சொல்லத்தான்."

"என்னை மன்னிச்சிரு தாயி" என்றேன். மேலும் ஏதேதோ சொல்ல வைத்திருந்தேன். ஒரு வருடமாக மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்தவை.

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேன்."

போனில் நம்மவர்கள் யார் வந்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான், எங்கன இருக்கீக என்று. அது நாக்கு நுனியில் வந்து நின்றது. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். காத்திருந்தாள். கேட்டால் சொல்லியிருப்பாளோ, அல்லது கேட்கிறேனா என்று பார்க்கத்தான் கூப்பிட்டாளோ, எனக்குத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"அப்ப வச்சிரவா மாமா?"

"வச்சிரு தாயி."

அவள் வைப்பதற்கு முன்னால், அவள் குரலுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம். எனக்கு அது நன்றாகத் தெரிந்த சத்தம். அதைக் கேட்ட அந்த நொடியில் அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

என்ன சத்தம் என்று ரீத்தா கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.